எட்டாம் கட்டம்

நகராட்சி அலுவலகத்தின் பூங்காப் பிரிவில் எழுத்தராக அவர் சேர்ந்தபோது வயது இருபத்திரண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, அதே அலுவலகத்தில் பண்டகக் காப்பாளராக இருந்த அப்பா பணிக்காலத்திலேயே இறந்துபோனார். வாரிசு என்ற முறையில் வேலை வந்தது. உடன்பிறந்தவர் ஆறு வயது மூத்த அக்கா ஒருவரே. அக்கா வீட்டிலேயே தையல் தொழில் செய்பவர். அக்காவின் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஆண்டில் பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. எழுத்தருக்குப் பெண் பார்த்தது மூன்று முறை, மூன்றும் கூடிவரவில்லை. அம்மா இறந்த பிறகு அக்கா வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தார். அக்காவுக்கு ஒரே மகள். இங்கே சொல்லப்படுவது நடந்தபோது எழுத்தருக்கு நாற்பத்தாறு வயது, அக்கா மகளுக்குப் பதினேழு.

இவ்வளவும் ஆவணங்களிலும் ஊரார் வாயிலும் உள்ளவை. மற்றவை அவரே பின்னாளில், நான் கேட்காமலே, என்னை உட்கார வைத்துச் சொன்னவை.

அலுவலகத்தில் அவருக்கு ‘ரூல்தடி’ என்று பெயர். கோடு போட்ட தாளிலும் அடிக்கோல் வைத்துத்தான் இன்னொரு கோடு இழுப்பார். “சார் தும்மினாக்கூட மூணு பிரதி எடுத்து வெச்சுப்பாரு” என்று அடுத்த மேசைத் தட்டச்சர் அம்மாள் அவர் காதுபடவே சொல்வதுண்டு. அவர் கோபித்துக்கொண்டதில்லை. வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், கையெழுத்து விடுபட்ட விண்ணப்பம் ஒன்றைக் கவனிக்காமல் மேலே அனுப்பிவிட்டார். அன்றைய அதிகாரி எல்லார் முன்னிலையிலும் அந்தக் கோப்பை அவர் மேசைமீது விசிறி எறிந்தார். அந்தச் சத்தம் அவர் காதை விட்டுப் போகவே இல்லை. அன்று முதல், நிரப்பாத இடமுள்ள தாள் எதைப் பார்த்தாலும் அவருக்கு உள்ளங்கை வியர்க்கும்.

அந்த ஆண்டு மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. ஊரின் பூங்காக்களையும் விளையாட்டிடங்களையும் சீரமைக்கப்போகிறார்கள். அதற்கு முன் பதின்மூன்று முதல் இருபத்துநான்கு வயது வரையிலான இளைஞர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம். நான்காம் கேள்வி: ‘கீழ்க்கண்டவற்றுள் நீங்கள் பயன்படுத்தும் இடம் எது?’ அதன் கீழே வர வேண்டிய பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு எழுத்தருடையது.

பூங்காப் பதிவேட்டில் ஏழு பெயர்கள் இருந்தன. ஏழையும் எழுதினார், ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு கட்டம் வைத்தார். பேனாவை மூடும்போது பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் திடல் நினைவுக்கு வந்தது. வாய்க்காலுக்கும் அடுக்குக் குடியிருப்புகளுக்கும் நடுவே கிடக்கும் வெறுந்தரை அது. மாலையானால் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் மொத்தமும் அங்கேதான். அக்கா மகள் கைப்பந்து ஆடுவதும் அங்கேதான். வலை, அக்கா தைத்துத் தந்தது. வலைக் கம்பங்களில் ஒன்றை நட்டபோது குழியில் கல் போட்டு இறுக்கியவர் எழுத்தரே. ஆனால் அந்த இடம் பூங்காப் பதிவேட்டில் இல்லை. ‘காலி நிலங்கள்’ என்ற வேறொரு பதிவேட்டில், வேறொரு அலமாரியில், ‘கட்டடம் இல்லை, மரம் மூன்று’ என்ற குறிப்போடு இருந்தது. பதிவேட்டில் இல்லாததைப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? பேனா மூடியது மூடியதுதான்.

அக்கா மகளை வீட்டில் ‘கொசு’ என்பார்கள். ஒல்லியான உடம்பு, காதருகே ஓயாத ரீங்காரம். படிவம் என்று கேள்விப்பட்டதுமே ஒற்றைக் காலில் நின்று நூற்றைம்பதை வாங்கிக்கொண்டாள். இரண்டு வாரம் பள்ளி விட்டதும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பணிமனையில் தொழில் பழகுகிறவர்கள், ஆடைத் தொழிற்சாலையில் வேலை முடித்து வரும் பெண்கள், மாடிப்படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. இடையில் ஒருநாள் மாமாவின் அடிக்கோலைக் கேட்டு வாங்கிப்போனாள். எதற்கென்று அவர் கேட்கவில்லை. பிள்ளை கோணல் இல்லாமல் கோடு போடப் பழகுகிறாளே என்று மனம் குளிர்ந்தார்.

கடைசித் தேதிக்கு முதல்நாள் மாலை, தலைமுடி ரிப்பனால் கட்டிய கட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

“நூத்தி முப்பத்தெட்டு மாமா. எண்ணிக்கோங்க.”

“ஆபீஸ்ல எண்ணிக்கறேன்.”

“ஒண்ணே ஒண்ணு பிரிச்சுப் பாருங்களேன். நாங்க ஒரு வேலை பண்ணியிருக்கோம். நீங்களே அசந்துடுவீங்க.”

“இது ஆபீஸ் காகிதம் கொசு. வீட்ல பிரிக்கக் கூடாது. நாளைக்கு நானே உக்காந்து எழுதிச் சேத்தேன்னு எவனாவது சொன்னா?”

“பாக்கத்தான சொல்றேன்? எழுதவா சொல்றேன்?”

அக்கா தையல் இயந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே குரல் கொடுத்தார். “டேய், அந்தப் புள்ள ரெண்டு வாரமா செருப்பு தேய அலைஞ்சிருக்கு. பிரிச்சுப் பாத்தா உன் ஆபீஸ் இடிஞ்சு விழுந்துடுமா?”

“ரூல்னா ரூல்தாங்க்கா.”

“உனக்குப் பாத்த மூணு பொண்ணும் புண்ணியம் பண்ணினவங்க. தப்பிச்சுதுங்க.”

மூவரும் சிரித்தார்கள். ரிப்பன் அவிழவில்லை. மறுநாள் அந்தக் கட்டை அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்று மாலை ஐந்து மணிக்குப் படிவம் பெறும் காலம் முடிந்தது.

அதற்கு அடுத்த நாள், சரிபார்ப்பு. ரிப்பனை அவிழ்த்து முதல் படிவத்தை எடுத்தார். நான்காம் கேள்வியின் ஏழு கட்டங்களும் காலி. ஏழாவதன் கீழே, பென்சிலால், அடிக்கோல் வைத்து, அச்சிட்டதுபோலவே எட்டாவதாக ஒரு கட்டம் வரைந்திருந்தது. அருகில் ‘பணிமனைத் திடல்’ என்று எழுதி, கட்டத்துக்குள் பேனாவால் குறியிட்டிருந்தது. இரண்டாம் படிவத்திலும் அதே. பத்தாவதிலும் அதே. நூற்று முப்பத்தெட்டிலும் எட்டாம் கட்டம்.

தட்டச்சர் அம்மாள் எட்டிப் பார்த்தார். “அடேயப்பா! கோடு எவ்வளவு நேரா இருக்கு பாருங்க சார். உங்க கைய வெட்டி ஒட்டினாப்புல இருக்கு.”

எழுத்தர் முகத்தில் ஈயாடவில்லை. விதிமுறைத் தாளை எடுத்தார். ஏழாம் பிரிவு: அச்சிட்ட கட்டங்களுக்கு வெளியே தரப்படும் விடை விடையாகக் கொள்ளப்படாது. எட்டாம் பிரிவு: ஒரு கேள்விக்கேனும் விடை இல்லாத படிவம் முழுமையற்றது, கணக்கில் சேராது.

“எட்டுன்னு ஒரு வரிசை சேத்துக்கலாம் சார். அஞ்சு நிமிஷத்துல அடிச்சுத் தரேன்.”

“விதி என்ன சொல்லுது, பாத்தீங்களா?”

“அது என்ன கல்வெட்டா சார்? மேடத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.”

கேட்டிருக்கலாம். பிரிவு அதிகாரியின் அறை பதினைந்து அடி தூரம். ஆனால் கேட்டால், பட்டியலில் திடலை ஏன் விட்டீர்கள் என்ற கேள்வி முதலில் வரும். அதற்கு மேல், அந்தக் கட்டுக்குள் இருந்தது சொந்த அக்கா மகளின் கைவேலை. தன் வீட்டுப் பிள்ளைக்காக விதியை வளைத்தான் என்ற பேச்சு வரும். எழுத்தர் ‘முழுமையற்றது’ என்ற ரப்பர் முத்திரையை எடுத்து, ஊதா மையில் தோய்த்துக் குத்தத் தொடங்கினார். குத்தக் குத்தப் பன்னிரண்டாம் கேள்வியின் விடைகளும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. ‘மழை பெய்தால் வாய்க்கால் தண்ணீர் உள்ளே வருகிறது, ஒரு மண்மேடு போதும்.’ ‘பெண்களுக்கு என்று ஒரு குழாய்.’ ‘எங்களை யாரும் விரட்டாமல் இருந்தால் சரி.’ நூற்று முப்பத்தேழு முறை குத்தினார்.

கடைசிப் படிவம் கொசுவினுடையது. முத்திரை மையில் தோய்ந்து மேலே எழுந்தது, கீழே இறங்கவில்லை. பள்ளி விட்டு வந்ததும் அவள் கேட்கப்போகும் கேள்வி அவருக்குத் தெரியும்: என்னுடையதை எண்ணியாச்சா? எண்ணவில்லை என்று சொல்ல வாய் வராது. எண்ணிவிட்டேன் என்று பொய் சொல்லியும் பழக்கமில்லை. முத்திரையைக் கீழே வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து அழிரப்பரை எடுத்து எட்டாம் கட்டத்தையும் அதன் பெயரையும் குறியையும் அழித்தார். பேனாக் குறிக்குத் தாள் கொஞ்சம் தேய்ந்தது. பிறகு மூன்றாவதான மணிக்கூண்டுப் பூங்காவுக்கு எதிரே, நீல மையில், ஒரு குறி போட்டார். படிவம் முழுமையானது. அதைக் கணக்கில் சேர்த்தார்.

மாலையில் அவள் வாசலிலேயே மறித்தாள். “மாமா, என்னோடத எண்ணியாச்சா?”

“எண்ணியாச்சு.”

“அப்படின்னா எல்லாத்தையும் எண்ணியாச்சு!” என்று அவளாகவே முடித்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் சிநேகிதிகளிடம் ஓடினாள்.

சொன்னது பொய்யில்லை என்பதை எழுத்தர் மனத்துக்குள் மூன்று முறை சரிபார்த்தார். உண்மையை இத்தனை முறை சரிபார்க்க வேண்டியதில்லையே என்பது நான்காம் முறையில் உறைத்தது.

இரண்டு மாதத்தில் அறிக்கை அச்சாகி வந்து, பொதுமக்கள் பார்வைக்காக நூலகத்தில் வைக்கப்பட்டது. கொசு அதை இரவல் வாங்கி வந்தாள். எழுத்தர் கீழே அக்காவின் தையல் மேசையருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் உட்காராமல், விரலால் ஒரு பக்கத்தை அழுத்திக் காட்டினாள். நீரூற்றின் வண்ணப்படம்; அதன் கீழே பெரிய எழுத்தில்: ‘விளக்கு இரண்டு போட்டுத் தாருங்கள்; வலையை நாங்களே கட்டிக்கொள்கிறோம். பதினேழு வயது மாணவி, மணிக்கூண்டுப் பூங்கா.’

“இது என் வரி.”

எழுத்தர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“வலையை நாங்களே கட்டிக்கறோம்னு நான்தான் எழுதினேன். மணிக்கூண்டுப் பூங்கான்னு யாரு எழுதினா? அங்க நீரூற்றும் பெஞ்சும்தான் இருக்கு. வலையை எதுல கட்டறது, உக்காந்திருக்கிற பெருசுங்க கழுத்துலயா?”

வேறொரு நாளாக இருந்தால் அக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இயந்திரச் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

“நான் போட்ட கட்டம் எங்க மாமா?”

“அழிச்சுட்டேன்.”

“மத்தவங்களோடது?”

அவள் இன்னொரு பக்கத்தைத் திருப்பிப் படித்தாள். “பணிமனைத் திடல். இளைஞர் பயன்பாடு ஏதும் பதிவாகவில்லை. குப்பை லாரிகள் நிறுத்துமிடமாக ஒதுக்கப் பரிந்துரை.” புத்தகத்தை மூடினாள். “மத்த நூத்தி முப்பத்தேழு என்ன ஆச்சு?”

“முழுமையற்றதுன்னு ஒதுக்கியாச்சு. அச்சடிச்ச கட்டத்துக்கு வெளிய எழுதினா...”

“அப்ப என்னோடது மட்டும் எப்படி உள்ள வந்துது?”

“நீ கேப்பியே கொசு. எண்ணலைன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது?”

“அதுக்காக என்னை மட்டும் உள்ள விட்டுட்டு அவங்களைக் கதவுக்கு வெளிய தள்ளினீங்களா? வீடு வீடாப் போயி, எழுதுங்க, என் மாமா பாத்துப்பாருன்னு சொன்னவ நான். இனிமே அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?”

அக்கா மெல்லத்தான் கேட்டார். மெல்லக் கேட்டதுதான் எழுத்தருக்குத் தாளவில்லை. “ரூல்னா ரூல்னு சொன்னியேடா. நம்ம வீட்டுப் புள்ளைன்னதும் அழிரப்பர் எங்கேருந்து வந்துது?”

ஆட்சேபம் தெரிவிக்கப் பதினைந்து நாள் அவகாசம் என்று அறிக்கையின் பின்னட்டையில் இருந்தது. கொசு அதையும் படித்திருந்தாள். “அந்தக் கட்டு ஆபீஸ்ல இருக்குல்ல? அதை வெளிய எடுத்துக் குடுங்க மாமா. வேற ஒண்ணும் கேக்கல.”

“பாக்கலாம்” என்றார் எழுத்தர்.

பதினைந்து நாளும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காலையில் வந்ததும் அலமாரியைத் திறப்பார், கீழ்த்தட்டில் கட்டு இருக்கும், மூடுவார். அதை வெளியே எடுத்தால் ஒரு படிவம் குறைவது தெரியும். குறைவதைத் தேடினால் தாள் தேய்ந்த இடம் தெரியும். வேலை போய்விடும் என்று அவர் அஞ்சவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகளில் ஒரு கோடு கோணாதவர் என்று தன்னைப் பற்றித் தானே வைத்திருந்த எண்ணத்தைப் பிறர் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. கடிதம் எழுதினார், கிழித்தார், நான்கு முறை. பணிமனை வழியாகப் போனால் அலுவலகம் பத்து நிமிடம். அந்த நாள்களில் அங்காடித் தெரு வழியாகச் சுற்றி இருபத்தைந்து நிமிடம் நடந்தார். வீட்டில் கொசு அவரிடம் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. ‘மாமா, சாப்பாடு’ என்ற இரண்டு சொல்லோடு பேச்சு முடிந்தது. ரீங்காரம் நின்ற வீட்டில் தையல் இயந்திரம் மட்டும் ஓடியது.

பதினைந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்கு ஆட்சேபப் பெட்டியைப் பூட்டி அரக்கு வைத்தார்கள். வைத்தவர் எழுத்தரே, அது அவருடைய பணி.

பத்தொன்பதாம் நாள் பெட்டி திறக்கப்பட்டது. ஒன்பது ஆட்சேபங்கள். பிரிவு அதிகாரி ஒன்றை மட்டும் தனியே எடுத்து அவரிடம் கொடுத்தார். திடலைப் பற்றி நூற்று முப்பத்தேழு பேர் எழுதிக் கொடுத்ததாகவும், அந்தப் படிவங்கள் அலுவலகத்திலேயே இருப்பதாகவும் அதில் எழுதியிருந்தது. கீழே கொசுவின் கையெழுத்து. தன் படிவத்தைப் பற்றி, அழிரப்பரைப் பற்றி, மாமாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

“அப்படி எந்தப் படிவமும் கணக்கில் இல்லைன்னு ஒரு குறிப்பு எழுதிக் கொண்டாங்க. கையெழுத்துப் போட்டு அனுப்பிடலாம்” என்றார் அதிகாரி.

எழுத்தர் தன் மேசைக்கு வந்து தாளை எடுத்தார். ‘அப்படி’ என்று எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்காத பிள்ளையைப் பொய் சொன்னவள் ஆக்கும் வரி அது. அவர் கையாலேயே எழுதப்பட வேண்டிய வரி. எழுந்து அலமாரியைத் திறந்து கட்டை எடுத்தார். கணக்கில் சேர்ந்த படிவங்களிலிருந்து அந்த ஒன்றையும் தேடி எடுத்தார். பதினைந்தடி நடந்து இரண்டையும் அதிகாரியின் மேசையில் வைத்து, நடந்தது முழுவதையும் நின்றபடி சொன்னார்.

அதிகாரி கோப்பை எறியவில்லை. படிவத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் தேய்ந்த இடத்தைப் பார்த்தார். பிறகு, “நாலு நாள் முன்னாடி சொல்லியிருந்தா ஆட்சேபத்தோட ஆதாரமா இணைச்சிருப்பேன். அவகாசம் முடிஞ்சப்புறம் வர்ற ஆதாரத்தைச் சேக்க முடியாதுன்னு உங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா சார்?” என்றார்.

“வேண்டாம் மேடம்.”

“முத்திரை குத்தற அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா எட்டாவது கட்டத்தைச் சேத்துக்கோங்கன்னு சொல்லியிருப்பேனே. அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. ஏன் கேக்கல?”

எழுத்தர் கட்டின் ஓரங்களை ஒன்றுபோல் தட்டி நேராக்கினார்.

விசாரணை நடந்தது. படிவத்தைத் திருத்திய குற்றம் பதிவாயிற்று. பழைய கோப்புகள் அடுக்கிய ஆவண அறைக்கு அவரை மாற்றினார்கள். திடலைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. வலைக் கம்பங்களைப் பிடுங்கியபோது ஒன்று மட்டும் அசையவில்லை, கல் போட்டு இறுக்கியது, அறுத்து எடுத்தார்கள். கதவுக்குப் பூட்டுப் போட்டு, உள்ளே பதினோரு குப்பை லாரிகளை நிறுத்தினார்கள்.

அன்று மாலை கொசுவிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். அவள் கேட்க மறுத்தாள். “என்கிட்ட எதுக்கு? என்னைத்தான் எண்ணிட்டீங்களே. எண்ணாதவங்ககிட்ட போய்க் கேளுங்க.”

போனார். விடுமுறை நாள்களில், பெயர்ப் பட்டியலோடு, அவள் ஏறிய அதே மாடிப்படிகளில் ஏறினார். ஆடைத் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி கடைசி வரை கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்தினாள். பணிமனை இளைஞன் ஒருவன், “அட விடுங்க சார், எழுதிக் குடுக்கும்போதே நடக்காதுன்னு தெரியும். கொசு கெஞ்சினாளேன்னு எழுதினோம்” என்று அவருக்கே ஆறுதல் சொல்லி அனுப்பினான். சாத்திய கதவைத் தாங்கிக்கொண்டார். அந்த ஆறுதலைத் தாங்க முடியவில்லை, படியிறங்கிவந்து தெருமுனையில் நெடுநேரம் நின்றார். நூற்று முப்பத்தேழில் நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பார்த்தார். மற்றவர்கள் வீடு மாறிப்போயிருந்தார்கள்.

ஆண்டுதோறும், ஊர்க்குடிமகன் என்ற முறையில், திடலைத் திறந்துவிடக் கோரி மனுக் கொடுத்தார். ஒவ்வொரு மனுவோடும் நூற்று முப்பத்தேழு விடைகளையும் கையால் பிரதி எடுத்து இணைத்தார். தன் குற்றத்தையும் முதல் பத்தியிலேயே எழுதினார். அதை விட்டுவிட்டு எழுதச் சொன்ன நண்பர்களின் பேச்சைக் கேட்கவில்லை. கடைசியில் லாரிகளுக்கு ஊருக்கு வெளியே வேறு இடம் கிடைத்தது. மனுவும் அந்தச் சமயத்தில் மேசையில் இருந்தது. திடலைத் திறந்தார்கள். இரண்டு விளக்குகளும் போட்டார்கள்.

கொசு அப்போது வேற்றூரில் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா எழுதிய கடிதம் கண்டு விடுப்பெடுத்து வந்தாள். இருவரும் திடலுக்குள் நடந்தார்கள். லாரி நின்ற இடமெல்லாம் எண்ணெய்க் கறை. மூன்று மரத்தில் ஒன்றுதான் மிச்சம்.

“உன் சிநேகிதிங்களை வரச் சொல்லேன்” என்றார் எழுத்தர்.

“யாரை மாமா? ஒருத்திக்கு ரெண்டு குழந்தை. ஒருத்திக்கு முழங்கால் போச்சு. மத்தவங்க எந்த ஊர்ல இருக்காங்கன்னே தெரியல.” குனிந்து, கறை படிந்த மண்ணைச் செருப்பு முனையால் கிளறினாள். “விளக்கு நல்லாத்தான் இருக்கு.”

அவர் மன்னிப்பு என்ற சொல்லை மறுபடி எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

திடல் பூட்டிக் கிடந்தது ஆறு ஆண்டுகள், இரண்டு மாதங்கள்.